கறுப்பைத் தெரிய வைக்கும் வேலை: ஒரு கோதிக் கார்னிவல் நடன உடை

நடனத்துக்குக் கறுப்பில் உடை தைக்க வேண்டும் என்று சொன்னதும், ஈஸ்ட்ஹாமில் எனக்குச் சாறி பிளவுஸ் தைத்துத் தரும் மாமி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “ஆர் பிள்ளை செத்தது?”

யாரும் சாகவில்லை. லண்டனில் வேலைக்குப் போகிற பெண்கள் சிலர் சேர்ந்து வாரத்தில் ஒரு மாலை ஆடுகிறோம். நாங்கள் ஆடுவது டிரைபல் ஃபியூஷன்: பெல்லி டான்ஸின் இடுப்பு, ஸ்பானிய ஃபிளமெங்கோவின் கை, கொஞ்சம் நம் பக்கத்துக் கழுத்தசைவு எல்லாம் கலந்த அமெரிக்கக் கலவை. 1987-இல் சான் பிரான்சிஸ்கோவில் கரோலீனா நெரிச்சியோ தொடங்கிய குழுவின் பாணிதான் இதற்கு அடித்தளம். அந்த உடையிலேயே இந்தியச் சோளியும் ராஜஸ்தான் கண்ணாடி வேலையும் இருந்தன. பின்னால் வந்தவர்களில் சிலர் அதையே கறுப்பு லேஸிலும், இடுப்பை இறுக்கிக் கட்டும் கோர்செட்டிலும் போட்டு ஆட, கோதிக் கிளை ஒன்று முளைத்தது. கோதிக் என்றால் கறுப்பும் சோகமும் கொஞ்சம் அமானுஷ்யமும் கலந்த பாணி. இந்த முறை எங்கள் ஆசிரியை எடுத்த கரு ‘இருண்ட கார்னிவல்’. பழைய சர்க்கஸ், வெனிஸ் முகமூடி, கோமாளி ஆகியவற்றை நள்ளிரவில் தனியாகப் பார்த்தால் எப்படி இருக்குமோ, அப்படி. உடை அவரவர் பொறுப்பு.

எனக்கு விழுந்த பாத்திரம் பியரோ. இத்தாலிய நாடகக் குழுக்களோடு பாரிசுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட சோகக் கோமாளி. வெள்ளை முகமும் தொளதொள வெள்ளைச் சட்டையும் கறுப்புத் தலைக்குல்லாயுமாக நாம் இன்று படங்களில் பார்க்கும் பியரோவை நிலைநிறுத்தியவர், 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஃபுனாம்புல் அரங்கில் ஆடிய ழான் காஸ்பார் டெபுரோ. மேடையில் வாயே திறக்காத நடிகர். 1836-இல் தெருவில் தன்னை ஏளனம் செய்த ஒரு பையனைக் கைத்தடியால் அடித்தார், பையன் இறந்துபோனான். வழக்கில் டெபுரோ விடுதலையானார். அவருடைய குரலைக் கேட்கத்தான் நீதிமன்றத்தில் அவ்வளவு கூட்டம் என்று ஒரு கதை உண்டு. கோதிக் தேடி இதற்கு மேல் எங்கும் போகத் தேவையில்லை. வெள்ளைக் கோமாளியைக் கறுப்பாக்கிவிடு, மற்றதெல்லாம் அவனிடமே இருக்கிறது என்றார் ஆசிரியை.

கறுப்பாக்குவதுதான் வில்லங்கம். கறுப்புத் திரைக்கு முன்னால் கறுப்பு உடையோடு நின்றால் பார்வையாளருக்குத் தெரிவது ஒரு தலையும் இரண்டு கைகளும்தான். இடுப்பசைவுதான் இந்த நடனத்தின் உயிர். அந்த இடுப்பே இருட்டில் போய்விட்டால் ஆடி என்ன பயன்? கோதிக் உடை என்றதும் எல்லோரும் கறுப்பைத் தேடி அலைகிறார்கள். தேட வேண்டியது கறுப்புக்கு விளிம்பு கட்டும் பொருளை. உடையின் மற்ற முடிவுகள் எல்லாம் எனக்கு இந்த ஒன்றில் இருந்துதான் வந்தன.

கறுப்பிலேயே பல ஜாதி உண்டு. வெல்வெட் ஒளியைக் குடித்துவிடும். சாட்டின் திருப்பி வீசும். லேஸ் உள்ளே இருப்பதைக் காட்டும், ஆனால் தூரத்தில் வெறும் நிழலாகிவிடும். விக்டோரியா கால ஆங்கிலேயர் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். 1861-இல் கணவர் இறந்த பிறகு ராணி விக்டோரியா 1901-இல் தான் சாகும்வரை கறுப்புதான் உடுத்தினார். நாடே துக்க உடை விதிகளைக் கரைத்துக் குடித்திருந்தது. முதல் கட்டத் துக்கத்தில் துணி பளபளக்கக் கூடாது. அதற்காகவே மினுக்கம் போகும்படி சுருக்கம் ஏற்றிய ‘கிரேப்’ பட்டு நெய்தார்கள். காலம் போகப் போகத்தான் கொஞ்சம் பளபளப்புக்கு அனுமதி. எனக்கு வேண்டியது அந்த விதியின் தலைகீழ்: அசையும் இடத்தில் பளபளப்பு, அசையாத இடத்தில் மங்கல். இடுப்புப் பட்டைக்குச் சாட்டின், உடம்புக்கு மங்கலான பருத்தி, கால்சட்டைக்குக் கறுப்பு வெள்ளைப் பட்டை என்று பிரித்துக்கொண்டேன்.

துணிக் கடையில் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். எடுக்க நினைக்கும் கறுப்புத் துணிகளை ஒன்றன் மேல் ஒன்றாகத் தொங்கவிட்டு, பத்தடி தள்ளிப் போய், கைபேசி வெளிச்சத்தை அடித்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். இரண்டு துணியும் ஒன்றாகக் கலந்து தெரிந்தால் ஒன்றை விட்டுவிடலாம். கோல்ட்ஹாக் ரோடு துணிக் கடைகளில் இப்படி நிற்பவர்களை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. பக்கத்தில் யாராவது திருமண உடைக்கு இதையே செய்துகொண்டிருப்பார்கள். இன்னொன்று: கடை விளக்கில் ஒரே கறுப்பாக இருப்பது மேடை விளக்கில் ஒன்று சிவப்பு கலந்தும் இன்னொன்று பச்சை கலந்தும் தெரியலாம். அதனால் கறுப்போடு கறுப்பைப் பொருத்தப் பார்க்காமல், வேறு வேறு கறுப்பு என்று பார்த்ததும் தெரிகிற மாதிரி எடுத்துவிடுவது நிம்மதி.

பட்டை விஷயத்தில் மெல்லிய கோடுகள் பக்கமே போகாதீர்கள். கையில் பிடித்துப் பார்க்கும்போது அழகாக இருக்கும். நாலாவது வரிசைக்கு அது சாம்பல் நிறம்; வீடியோவில் அலை அலையாக நெளியும். நான் எடுத்தது இரண்டு அங்குலப் பட்டை. கால்சட்டையில் நெடுக்காக ஓடும். முழங்காலுக்குக் கீழே இலாஸ்டிக் போட்டுச் சுருக்கியது. ஒவ்வொரு காலிலும் பட்டைகள் உள் தையலில் வந்து வி வடிவத்தில் சேரும்படி மாமி துணியைக் கிராஸாகத் திருப்பி வெட்டினார். துணி கொஞ்சம் கூடுதலாகப் போனது. ஆனால் தொடை அசையும்போது பட்டைகள் திறந்து மூடுகிற மாதிரி இருந்தது. அதுவரை ‘பேய்க் கூத்து’ என்று சொல்லிக்கொண்டிருந்த மாமி முதல் தடவையாக “வடிவாத்தான் இருக்கு” என்றார்.

நிறம் சேர்ப்பதாக இருந்தால் விளக்கு போடுபவரிடம் முதலில் பேசுங்கள். இருண்ட கார்னிவல் என்றாலே சிவப்பும் நீலமும்தான் மேடையில் கொட்டும். நீல வெளிச்சத்தில் சிவப்புத் துணி ஏறத்தாழக் கறுப்பாகிவிடும். சிவப்பு வெளிச்சத்திலோ அதே துணி வெளிறி, வெள்ளைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லாமல் போகும். எங்கள் குழுவில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு அருமையான இடுப்புத் துணி வைத்திருந்தவர் ஒத்திகையில் அதைப் பார்த்துவிட்டு வெள்ளி நிறத்துக்கு மாறினார். வெள்ளியும் வெள்ளையும் எந்த வெளிச்சம் விழுந்தாலும் அந்த நிறத்தை வாங்கிக்கொண்டு தெரியும். அதனால் என் உடையில் வெள்ளை, கறுப்பு, வெள்ளிச் சரிகை தவிர வேறு எதுவும் இல்லை. சரிகை ஈஸ்ட்ஹாமில் சாறி ஓரத்துக்கு விற்கிற அதே சரிகைதான். கோர்செட்டின் ஒவ்வொரு தையல் கோட்டின் மேலும் ஒரு நூலளவு வைத்துத் தைத்தேன். கிட்ட நின்று பார்த்தால் கல்யாண வீட்டு ஞாபகம் வரும். மேடையில் அது உடம்பின் வளைவைக் கோடு போட்டுக் காட்டியது.

சரி, கோர்செட். கோதிக் உடை என்றால் இதைத்தான் எல்லோரும் முதலில் வாங்குகிறார்கள், நடனத்துக்கு இதுதான் முதல் எதிரி. முழு நீள எஃகுக் கம்பி கோர்செட் போட்டால் நிமிர்ந்து நிற்கலாம், கம்பீரமாக நடக்கலாம். வயிற்றை அலையாக்க முடியாது, பின்னால் வளைய முடியாது, மூச்சு நெஞ்சின் மேல்பாதியிலேயே நின்றுவிடும். வேகமான பாட்டில் மூன்றாவது நிமிடத்தில் தலை சுற்றும். நான் மாமியோடு சேர்ந்து செய்தது கோர்செட் மாதிரித் தெரிகிற ஒரு பட்டை. மார்புக்குக் கீழே தொடங்கி இடுப்பெலும்புக்கு மேலேயே முடியும். பக்கங்களில் மட்டும் சுருள் எஃகுக் கம்பி. தட்டைக் கம்பி ஒரு திசையில்தான் வளையும், சுருள் கம்பி பக்கவாட்டிலும் வளைந்து கொடுக்கும். முதுகில் இலாஸ்டிக் துணி. முன்னால் தெரிகிற கயிறு வெறும் அலங்காரம். போடுவதும் கழற்றுவதும் இடது பக்கத்தில், பிளவுஸ் கொக்கி இரட்டை வரிசையாக.

பட்டைக்கு உள்ளே போடும் சோளியில் மாமி ஒரு வேலை காட்டினார். கையைத் தூக்கினால் சட்டை முழுவதும் மேலே ஏறுகிறது என்றேன். அக்குள் தையலைப் பிரித்து, உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு சாய்சதுரத் துண்டை அங்கே வைத்து, நூலோட்டம் போட்டுவிட்டு, “இப்ப தூக்கிப் பார்” என்றார். கை போனது, சட்டை அசையவில்லை. கோமாளி உடை என்றாலே சாய்சதுரக் கட்டம்தான். வெளியே ஒன்றுகூட வைக்காத என் உடையில் அது அக்குளுக்குள் ஒளிந்திருக்கிறது. கடையில் வாங்கிய சட்டைக்கும் இந்தத் துண்டை வைக்கலாம். அதே துணி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, கறுப்பில் யாருக்கும் தெரியாது. இந்த ஒரு இடத்தில் கறுப்பு நமக்கு உதவி செய்கிறது.

எந்த உடையையும் முழுதாகத் தைத்து முடிப்பதற்கு முன்னால், நூலோட்டத்தில் இருக்கும்போதே ஒரு தடவை ஆடிப் பாருங்கள். கண்ணாடி முன்னால் நின்று பார்ப்பது கணக்கில் வராது. முழுப் பாட்டுக்கும் ஆட வேண்டும். தரையில் உட்கார்ந்து எழும்ப வேண்டும், பின்னால் வளைய வேண்டும், ஆடி முடித்த மூச்சில் ஒரு வாக்கியம் சத்தமாகப் பேச முடிய வேண்டும். எங்கே இழுக்கிறதோ அங்கே நூல் அறுந்து நமக்குச் சொல்லிவிடும்.

இனி எனக்குப் பிடித்த பகுதி: கழுத்தில் போடும் சுருக்குக் காலர், ரஃப். டெபுரோ தன் பியரோவுக்கு இதைக் கழற்றிவிட்டார். பின்னால் வந்த பியரோக்கள் திரும்ப மாட்டிக்கொண்டார்கள். எலிசபெத் காலத்து லண்டனில் இது பெரிய நாகரிகம். 1564-இல் டிங்கன் வான் டெர் பிளாசே என்ற பிளெமிஷ் பெண் லண்டனுக்கு வந்து, ரஃப்புக்குக் கஞ்சி போடும் வித்தையைச் சீமாட்டிகளுக்குக் காசு வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுத்ததாகப் பழைய வரலாற்றுக் குறிப்பு இருக்கிறது. கஞ்சி போட்டுப் பருத்திச் சேலை கட்டிய குடும்பத்தில் பிறந்தவளுக்கு அதைப் படித்தபோது கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. ஆனால் நடனத்துக்குக் கஞ்சி சரிப்பட்டு வராது. வியர்வை பட்டதும் தொய்ந்துவிடும்.

நான் எடுத்தது நாலு அங்குல அகல வெள்ளை ஆர்கன்சா ரிப்பன், சுமார் ஏழு மீட்டர். ஆர்கன்சா என்பது உள்ளே தெரிகிற, விறைப்பான மெல்லிய துணி. வெளி ஓரத்தில் மெல்லிய நைலான் பட்டி ஒன்று தைத்தேன். தொப்பிக் கடைகளில் குதிரைமுடிப் பட்டி என்று கேட்டால் தருவார்கள்; அந்தக் காலத்தில் உண்மையான குதிரைமுடி, இப்போது நைலான். அந்தப் பட்டி இருந்தால் கஞ்சியே வேண்டாம், மடிப்பு தானாக நிமிர்ந்து நிற்கும். நைலானின் மேல் ஒரு வரிசை கறுப்பு ரிப்பன். பிறகு ரிப்பனை முன்னும் பின்னுமாக விசிறி மடிப்பாக மடித்து, உள் ஓரத்தை மட்டும் கழுத்துப் பட்டையில் பிடித்துத் தைக்க வேண்டும். வெளி ஓரத்தில் அடுத்தடுத்த மடிப்புகளை ஒரு தையலால் மாற்றி மாற்றிக் கோத்தால் 8 என்ற எழுத்து வடிவம் வரிசையாக வரும். கையால்தான் தைக்க வேண்டும், மெஷின் இதற்கு உதவாது. பஸ்ஸிலும் சாப்பாட்டு நேரத்திலும் தைத்தே முடித்தேன்.

ரஃப்பில் கவனிக்க இரண்டு உண்டு. கழுத்துப் பட்டை தோலில் படும் பக்கம் பருத்தியாக இருக்கட்டும். ஆர்கன்சா கழுத்தை அறுக்கும். அகலமும் முகவாயைத் தொடாத அளவாக இருக்க வேண்டும். கழுத்தைப் பக்கவாட்டில் தள்ளும் அட்டமி மாதிரி அசைவு உங்கள் நடனத்தில் இருந்தால், ரஃப் தோளில் தட்டாமல் கழுத்தோடு சேர்ந்து போக வேண்டும். என்னுடையது போனது. கறுப்பு உடைக்கு மேலே அந்த வெள்ளை வட்டம் மட்டும் இடமும் வலமும் மிதந்ததை அன்றைக்கு எல்லோரும் கவனித்திருக்கிறார்கள்.

தொப்பிக்கு நம் வீட்டுப் பழக்கமே போதும். சின்ன டாப் ஹாட் ஒன்றைச் சாய்த்து வைப்பதுதான் இந்தப் பாணி. விற்கிறவர்கள் ஒரு கிளிப்பைப் போட்டு விற்கிறார்கள். ஒரு சுழற்சிக்கு அது தாங்காது. நான் பரதநாட்டியத்துக்குச் செய்வது போலவே சவுரி வைத்துக் கொண்டை போட்டு, தொப்பியின் அடியில் இரண்டு சின்னச் சீப்புகளைத் தைத்து, கொண்டையின் அடிவாரத்தில் குத்தி, மெல்லிய கறுப்பு இலாஸ்டிக்கைக் கொண்டைக்குப் பின்னால் கொண்டுபோய் மாட்டிவிட்டேன். நாடிக்குக் கீழே இலாஸ்டிக் போட்டால் பிறந்தநாள் விழாத் தொப்பிதான். மேலே கொண்டை ஊசி நாலு. அதன் பிறகு ஆங்கிலேயத் தோழிகள் எல்லோருக்கும் நானே சவுரி கட்டிவிட்டேன். தலையை உதறிப் பார்த்துவிட்டு ஒருத்தி கேட்டாள், இதை இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று.

முகமூடியைப் பற்றி எனக்குக் கறாரான கருத்து உண்டு: ஆடும்போது வேண்டாம். வெனிஸ் கார்னிவல் முகமூடிகளில் மொரெட்டா என்று ஒன்று, கறுப்பு வெல்வெட் முட்டை வடிவம். உள்பக்கம் இருக்கும் பொத்தானைப் பல்லால் கடித்துப் பிடித்தால்தான் முகத்தில் நிற்கும். போட்டவள் பேசவே முடியாது. அதைவிடக் கோதிக்கான பொருள் உலகத்தில் இல்லை. அதைப் போட்டுக்கொண்டு ஆடவும் முடியாது. பாதி முகமூடிகூடப் பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும். பக்கத்தில் ஆடுபவரைக் கண்ணோரத்தால் பார்த்தே நகரும் குழு நடனத்தில் அது ஆபத்து. காகிதக் கூழ் முகமூடி வியர்வையில் ஊறி நெற்றியில் ஒட்டும். நாங்கள் குச்சியில் பிடிக்கும் முகமூடியோடு மேடைக்கு வந்து, முதல் தாளம் விழுந்ததும் கீழே வைத்துவிட்டோம்.

ஆகவே முகத்தில் வண்ணம். வெள்ளை முகமும் கன்னத்தில் சிவப்பும் போட்டு ஆங்கிலக் கோமாளியின் முகத்தை உண்டாக்கியவர் ஜோசப் கிரிமால்டி. 1837-இல் இறந்தார், பென்டன்வில் ரோட்டில் அவர் பெயரிலேயே உள்ள சின்னப் பூங்காவில் கல்லறை இருக்கிறது. அங்கே சவப்பெட்டி வடிவத்தில் தரையில் பதித்த ஓடுகள் உண்டு. ஏறி ஆடினால் மிதிக்க மிதிக்க ஒலிக்கும்படி செய்தவை. ஒத்திகை முடிந்த ஒரு மாலையில் போய் ஆடிவிட்டு வந்தோம்.

வெள்ளை முகத்துக்கு நான் சம்மதிக்கவில்லை. ஒன்று, மாநிறத் தோலில் மெல்லிய வெள்ளைப் பூச்சு சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். மறைய வேண்டுமானால் தடிப்பாகப் பூச வேண்டும். தடிப்பாகப் பூசினால் வியர்வையில் வெடிக்கும். கழுத்தும் கையும் வேறு நிறத்தில் நிற்கும். இரண்டாவது, வெள்ளையாகி மேடையேற எனக்கு மனமில்லை, அவ்வளவுதான். என் நிறத்தை அப்படியே விட்டுவிட்டு, கண்ணுக்கு மேலும் கீழும் கறுப்புச் சாய்சதுரம், கன்னத்தில் ஒரு கண்ணீர்த் துளி. கறுப்பு மை மட்டும் என் தோலில் தூரத்துக்குத் தெரியவில்லை. துணியில் செய்ததையே முகத்திலும் செய்தேன்: ஒவ்வொரு கறுப்பு வடிவத்துக்கும் வெள்ளையில் ஒரு மெல்லிய கரை. நீரில் கரையும் வண்ணத்தை மெல்லிய பூச்சாக இரண்டு முறை போட்டு, காய்ந்ததும் பவுடரைத் தேய்க்காமல் ஒற்றி எடுத்தால் நிற்கும். இணையத்தில் உள்ள கோதிக் ஒப்பனைப் பாடங்கள் பெரும்பாலும் வெளிறிய தோலை மனதில் வைத்துச் செய்தவை. மாநிறக்காரர்கள் அவற்றில் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

மெழுகுவர்த்தி பிடித்து ஆடலாமா என்று ஒரு யோசனை வந்தது. அதை அங்கேயே கிள்ளிவிட்டோம். 1862-இல் பாரிஸ் ஓபராவில் ஒத்திகையின்போது எம்மா லிவ்ரி என்ற இளம் பாலே கலைஞரின் வலைப் பாவாடையில் எரிவாயு விளக்கின் தீ பற்றியது. மாதக் கணக்கில் வேதனைப்பட்டு அடுத்த ஆண்டு இறந்தார். தீப்பிடிக்காத மருந்தில் தோய்த்த பாவாடை அப்போதே இருந்தது. அழுக்காகத் தெரிகிறது, விறைப்பாக இருக்கிறது என்று அவர் மறுத்திருந்தார். நம் நைலான் வலையும் ஆர்கன்சாவும் தீயில் உருகித் தோலோடு ஒட்டும். பாட்டரி மெழுகுவர்த்தி மேடையில் எந்தக் குறையும் இல்லாமல் எரிந்தது.

மற்றவை சில்லறை. பட்டைக் காலுறை கேம்டனில் கிடைக்கும். வழுக்கும், அதனால் பாதத்தை வெட்டிவிட்டு வெறுங்காலோடு ஆடுங்கள். தொங்கும் சங்கிலியை ஒரு பக்கம் மட்டும் தைத்தால் அடுத்தவர் லேஸில் மாட்டும். இரண்டு முனையையும் தைத்துவிடுங்கள். ஊக்கு தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். சாரிட்டி கடையில் வாங்கிய ஒரு பழைய மாலை உடையில் இருந்து சாட்டினும் லேஸும் கிழித்தெடுத்ததால், மாமியின் கூலி சேர்த்தும் 100 பவுண்டைத் தாண்டவில்லை.

ஆடி முடித்த பிறகு கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கம்பி வைத்த பட்டையையும் ரஃப்பையும் துவைக்க முடியாது. ரஃப்பை ஒரு பெரிய ஜாடியின் கழுத்தில் மாட்டி வைத்தால் மடிப்பு கலையாது. பட்டையின் வியர்வை வாடைக்கு நாடக அரங்கத்து உடைப் பொறுப்பாளர்கள் செய்வதையே செய்கிறேன்: மலிவான வோட்காவை ஸ்பிரே போத்தலில் ஊற்றி உள்பக்கம் அடித்துக் காற்றில் காயவிடுவது. சாராயம் ஆவியாகும்போது வாடையும் போய்விடும். முதலில் உள் மடிப்பில் ஒரு மூலையில் அடித்து, சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் போத்தலில் ‘துணிக்கு’ என்று மட்டும் எழுதித் தையல் பெட்டியில் வைத்திருக்கிறேன். மாமிக்கும் கொஞ்சம் வேண்டுமாம், பட்டுச் சாறிக்கு அடித்துப் பார்க்க. அதில் என்ன இருக்கிறது என்று இன்னும் சொல்லவில்லை.